நான் அழிக்கச் சொன்ன நீலக்கோடு

என் செபாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாண ஓலையை வாசித்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் செபஸ்தியான் என்று உன் பேரையும், உனக்கு மனைவியாக வரப்போகிற பிள்ளையின் பேரையும், இரண்டு வீட்டுப் பெற்றோர் பேரையும் சொல்லிவிட்டு, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று பங்குச் சாமியார் முடித்தார். முன்னால் இருந்த பெண்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் உன் கல்யாணத்தில் வந்து அம்மா என்று எப்படி நிற்பது என்ற நினைப்புதான் ஓடியது. நற்கருணை வாங்கிய கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்தது இது எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. நேற்று இரண்டு வரி எழுதிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து, ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வந்தேன்.

இதை மூடி ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. ஒரு நகலை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று நீ உண்டாக்கிய இண்டர்நெட்டுப் பக்கத்தில் ஏறும். உன்னைப் பற்றி நான் சொன்னது நாலு பேருக்கு முன்னால் சொன்னது. அதைத் திருத்துவதும் அப்படியே இருக்கட்டும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சில இடங்களில் விவரமாகச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நம் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது, என் அண்ணன், உன் பெரிய மாமாதான் முதலில் வந்தான். அடுப்படியில் நின்றுகொண்டே, "ஆத்தா, நீ நில்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிர்றேன்" என்றான். உன் அப்பா போன பிறகு நம் வீட்டுக்கு எது வந்தாலும் அவன் வழியாகத்தான் வந்தது. உன்னைத் தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் அவன்தான். அவன் சொல்லி நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. நின்றேன், ஜெயித்தேன். முதல் ஆறு மாதம் அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஊர் என்னை பிரசிடெண்டம்மா என்றது. எனக்கு அந்தப் பேர் இன்னொருத்தியின் சேலையைக் கட்டியதுபோல இருந்தது.

அதை என் சேலையாக்கியது நீதான். அப்போது நீ காரைக்குடியில் கம்ப்யூட்டர் படிப்பின் கடைசி வருடத்துக்குப் போகிற சமயம். ஒருநாள் என்னைக் கூட்டிப்போக அலுவலகத்துக்கு வந்தாய். துபாய்க்குப் போகிற ஒருவர் பிறப்புச் சான்றிதழுக்காகப் பதினைந்து நாளாய் நடந்துகொண்டிருந்தார். கிளார்க் சுப்பையா பீரோவிலிருந்து பதிவேடுகளை எடுத்து எடுத்துப் போட, பூச்சி அரித்த தாள் மாவு மாதிரி கொட்டியது. கடைசியில் அந்த மனிதரின் பிறப்பு அடுத்த வீட்டுக் குழந்தையின் வரியில் இருந்தது. நீ தும்மிக்கொண்டே சொன்னாய்: "அம்மா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திரலாம். வெறும் பதிவேடு மட்டும் இல்ல, ஊர்ப் படத்தையும் போடலாம். வீட்டைத் தொட்டா அந்த வீட்டு விவரம் வரும். இண்டர்நெட்டுல விட்டா சிங்கப்பூர்ல இருக்கிறவுக கூட நம்ம ஊரைப் பாக்கலாம்." அதையே கல்லூரிக்கும் புராஜெக்டாகக் காட்டலாம் என்றாய். சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தார். பதிவேடுகள் இருந்த அறையில், மழை ஒழுகாத மூலையாகப் பார்த்து அதை வைத்தோம்.

அந்தக் கோடை விடுமுறையை நான் எத்தனையோ தடவை நினைத்துக்கொள்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த பழைய கிராமப் படத்தை நீ மெல்லிய தாள் வைத்து நகல் எடுத்தாய். பிறகு தெருத்தெருவாக அளக்கக் கிளம்பினோம். டேப்பின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில். பிரசிடெண்டம்மா நடுத்தெருவில் குனிந்து டேப் பிடிப்பதை வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. பெரிய வீட்டுத் தெருவில் ஒரு வீட்டின் முன்வாசலுக்கு ஒரு கதவு எண்ணும், அடுத்த தெருவில் இருந்த அதன் பின்வாசலுக்கு வேறு ஒரு எண்ணும் பதிவேட்டில் இருந்தது. நீ இரண்டு வீடு என்று குறித்துவிட்டாய். சென்னையிலிருந்து கோயில் காரியத்துக்காக வந்து தங்கியிருந்த அந்த வீட்டு ஆச்சி, நீ காட்டிய தாளைப் பார்த்துவிட்டு, "எங்க அப்பச்சி ஒரு வீட்டைத்தானே கட்டுனாக, நீங்க எப்படி ரெண்டாக்குனீக?" என்று கேட்டார். ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியே வரும்வரை நடந்து பார்த்தபின்தான் நீ ஒப்புக்கொண்டாய். "நடந்து பாக்காம எதையும் வரையக் கூடாதும்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். அப்படி நடந்து பார்த்துத்தான் ஊருணியையும், அதற்கு மேலக் கண்மாயிலிருந்து தண்ணீர் வரும் வரத்துக்காலையும் நீல நிறத்தில் போட்டாய். பல வருடமாக மழை சரியில்லாமல் அந்தக் கால் தூர்ந்து, கருவேலம் மண்டி, பார்த்தால் பள்ளம் என்றே தெரியாது. பழைய படத்தை வைத்துக்கொண்டு முள்ளுக்குள் புகுந்து போனாய். கையெல்லாம் கீறல்.

முதல் முதலாக ஊர்க்காரர்களுக்குத் திறந்து காட்டிய அன்று கீழத்தெரு முத்துராக்கு வந்தாள். கூடையில் இட்லி வைத்துக்கொண்டு காலையில் ஊர் பூராவும் விற்று வருவாளே, அவள்தான். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, "எங்க வீடு இதுல எங்குட்டு இருக்கு?" என்றாள். நீ தொட்டதும் அவள் பேரும், அவள் புருசன் பேரும், குழாய் இல்லை, தெருவிளக்கு இல்லை என்ற விவரமும் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீதான் வாசித்துக் காட்டினாய். "இல்லைங்கிறதையும் எழுதி வச்சிருக்கியளா?" என்று ஆச்சரியப்பட்டாள். "எழுதி வச்சாத்தானே கேக்க முடியும்" என்றாய் நீ. அடுத்த மாதமே நான் பி.டி.ஓ. ஆபீசுக்கு அந்தப் பட்டியலோடு போனேன். மாமாவைக் கேட்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து அது. கீழத்தெருவுக்கு இரண்டு குழாய் வந்தது. அந்தச் சந்தோசத்தில் கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன் என்று இப்போது சொல்லுவதில் வெட்கம் இல்லை.

நீ ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய் எல்லாவற்றையும் இண்டர்நெட்டில் ஏற்றிவிட்டு வந்தாய். தமிழ் எழுத்து அங்கே போய்க் குழம்பி வந்ததால், பேர்களை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாய். பத்து நாள் கழித்து சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. நமக்கு இல்லை, உன் மாமாவுக்கு. கம்ப்யூட்டர் கொடுத்த மனிதர்தான். பெருமையாகப் பேசிவிட்டு, கடைசியில் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்: "அண்ணே, உங்க கல்யாண மண்டபத்துக்குள்ள நீலமா ஒரு கோடு ஓடுதே, அது என்னது?"

மண்டபம் நான் தலைவராவதற்கு முன்பே கட்டியது. தூர்ந்து கிடந்த வரத்துக்காலின் மேல் அதன் சமையல் கூடமும் பின்சுவரும் நின்றன. உன் மாமா வேண்டுமென்று தண்ணீரை மறிக்கிற ஆள் இல்லை. வராத தண்ணீர்தானே என்று நினைத்திருப்பான். நானும்தான் நினைத்தேன். அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டான். சோறு போட்டேன், கை வைக்கவில்லை.

"ஆத்தா, நம்ம புள்ள படம் போட்டது நமக்கே கண்ணி வைக்கவா?"

"அது பழைய படத்துல உள்ளதுண்ணே. அவனா வரைஞ்சதில்ல."

"பழைய படம் பீரோவுக்குள்ள கெடந்துச்சு, யாரு பாத்தா? இப்ப ஒலகமே பாக்குது. நாளைக்கு ஒருத்தன் மனுவக் கொடுத்தா இடிக்கச் சொல்லுவான். எடுக்கச் சொல்லு." பிறகு குரலை இறக்கி, "ஒனக்கு நான் எப்ப என்ன கேட்டிருக்கேன்?" என்றான்.

உண்மைதான், அவன் எதுவும் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. நீ சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றவிடாமல் சொன்னேன். நீ சிரித்தாய், விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு, "நடந்து பாத்துப் போட்டதும்மா அது" என்றாய்.

"ஒரே ஒரு கோடுதானே தம்பி."

"கோடு இல்லம்மா. தண்ணி."

"தண்ணி வந்து எத்தனை வருசமாச்சு?"

"வராதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாய். பிறகு, அப்படி எடுப்பதென்றால் தலைவர் உத்தரவின்படி எடுத்தது என்று ஒரு வரியாவது போட்டுவிடுகிறேன் என்றாய். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. நான் சொன்னது எங்கும் தெரியக்கூடாது என்றேன். நான் அழுதேன் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அது உண்மையான அழுகைதான்; ஆனால் அழுதால் நீ இளகுவாய் என்று எனக்குத் தெரிந்தும் இருந்தது. அந்த வார சனிக்கிழமை நீ மதுரைக்குப் போய்வந்தாய். கோடு போய்விட்டது. எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது என்னவென்றால், மேகம் கறுத்தால் வாசலுக்குப் போய்ப் பார்க்கும் பழக்கம்தான்.

உன் மனைவியாக வருகிற பிள்ளை உன்னிடம் எப்போதாவது இப்படி ஏதாவது கேட்கலாம். நீயும் அவளிடம் கேட்கலாம். பாசத்தை முன்னால் வைத்து ஒரு காரியத்தைக் கேட்கும்போது, அந்தப் பாசத்தை எடுத்துவிட்டால் அந்தக் காரியம் நிற்குமா என்று பார். என் காரியம் நிற்காது. அதனால்தான் அழுதேன்.

அந்த வருடம் கார்த்திகையில் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் விடிந்தபோது மேலக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது என்று சொன்னார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நிறைந்ததால் ஊர்ச் சனம் குடை பிடித்துக்கொண்டு பார்க்கப் போனது. தண்ணீர் தன் பழைய வழியில் வந்தது. மண்டபத்துச் சுவரில் முட்டியது. தேங்கி, திரும்பி, தாழ்வாகக் கிடந்த கீழத்தெருவுக்குள் இறங்கியது. காலை எட்டு மணி இருக்கும். முழங்கால் தண்ணீரில் நானும் சுப்பையாவும் ஓடினோம். சனங்கள் அரிசிப் பானையையும் பிள்ளைகளின் புத்தகத்தையும் தலையில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். பதினோரு வீட்டுச் சுவர் கரைந்தது. முத்துராக்கு இட்லித் தட்டுகளை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். மண்சுவர் அவள் மேல் சாய்ந்தது. நீயும் இன்னும் மூன்று பேரும் மண்ணைக் கையால் தோண்டி அவளை வெளியே எடுத்ததை நான் பார்த்தேன். உயிர் இருந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது. அவளை வேனில் ஏற்றும்போது, "கூடைய யாராச்சும் எடுத்து வைங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். நம் அலுவலக அறையில் வார்டு உறுப்பினர்கள், கீழத்தெரு ஆட்கள், உன் மாமா, எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நீ கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றாய். அதிகாரி ஒரு கையில் பழைய கிராமப் படத்தை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "இதுல வரத்துக்கால் இருக்கு, அதுல இல்லையே. அது ஊராட்சி வெளியிட்ட படம்தானே? அதைப் பாத்துத்தானே இந்த வருசம் தூர்வார வேண்டிய கால்களைப் பட்டியல் போட்டாங்க? யார் விட்டது?" என்று கேட்டார். ஒரு நொடிதான். உன் மாமா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்து, "படிக்கிற புள்ள சார், தெரியாம விட்டுட்டான்" என்றேன்.

எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமா சார். விட்டுப்போச்சு" என்றாய்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதனால் வந்தது. அதிகாரி உன் கல்லூரிக்கு எழுதினார். ஒரு தெருவையே முழுக வைத்த தப்பான படம் என்று உன் புராஜெக்டைத் தள்ளிவிட்டார்கள். அதைப் பார்த்து உன்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த கம்பெனி கைவிட்டது. கல்லூரி கொடுத்த வேறு ஏதோ ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, வெயிலோடு வெயிலாக பெங்களூருக்குக் கிளம்பினாய். கீழத்தெருப் பக்கம் நீ போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. நீ பஸ் ஏறும்போது, "மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க" என்றாய். மாதாமாதம் போனில் நீ கேட்டதும் அதுதான்: மாத்திரை, சாப்பாடு, மழை பெய்ததா. ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு தவிப்பு இருந்திருக்காது.

நீ போன பிறகு பக்கம் அப்படியே நின்றுவிட்டது. பிறந்தவர்கள் பிறக்கவில்லை, இறந்தவர்கள் இறக்கவில்லை, புதுக் குழாய்கள் வரவில்லை. சிங்கப்பூர்க்காரர் போன் போட்டுக் குறைப்பட்டார். சுப்பையா, "எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருசந்தான் இருக்கு, என்னைய விட்டுருங்கம்மா" என்று கும்பிட்டார். இந்த வருடக் கோடையில் நானே காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். உனக்குச் சொல்லவில்லை. தாவணி போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடி அடிப்பேன். வீட்டில் இருந்தால் பித்துப் பிடித்துவிடும் போலிருந்தது என்பதும் ஒரு காரணம். சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். ஒரு நாள் உன் ஃப்ளாப்பிகளைக் கொண்டுபோய், புதுக் குழாயை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டேன். அவள் ஒரு ஃபைலைத் திறந்தாள். தெரு, வீடு, கிணறு எல்லாம் எண்களாக வரிவரியாக இருந்தது.

"நல்லா நீட்டா எழுதியிருக்காரு மேடம், யாருக்கும் புரியும். ஒவ்வொரு வரியும் படத்துல ஒரு பொருள்" என்று இறக்கிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். "இந்த வரிய மட்டும் மறைச்சு வச்சிருக்காரு."

"மறைச்சுன்னா?"

"அழிக்கல. முன்னாடி ஒரு குறி போட்டிருக்காரு. அப்படிப் போட்டா கம்ப்யூட்டர் அந்த வரிய விட்டுட்டுத் தாண்டிப் போயிரும். குறிய எடுத்தா திரும்ப வந்துரும். பக்கத்துல ஏதோ குறிப்பும் இருக்கு, தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்காரு." எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "அம்மா கேட்டாக. மழைக்கு முன்னாடி திரும்பப் போடணும்." அடியில் தேதியும் இருந்தது. என் பக்கம் திரும்பி, "யாரு மேடம் இந்த அம்மா?" என்றாள்.

"நாந்தான்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தம்பி, விசாரணை அன்றைக்கு நீ அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில்தான் நின்றாய். ஃபைலைத் திறந்து காட்டியிருந்தால் உன் படிப்பு, உன் வேலை, உன் பேர் எல்லாம் உன்னிடமே இருந்திருக்கும். உன் கைக்கு எட்டிய தூரத்தில் சாட்சி இருந்தது. நீ கையை நீட்டவில்லை. மழைக்கு முன்னால் உன் அம்மாவுக்குப் புத்தி வரும் என்று நம்பியிருக்கிறாய். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது நம் ஊரில் இறங்க மறந்து அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாவிட்டாலும். நீ அன்று திறந்து காட்டியிருக்க வேண்டும். எனக்காக இல்லை, உனக்காகக்கூட இல்லை. சுவர் இடிந்தது ஒரு மாணவனின் கைத்தவறால் என்று நம்பிக்கொண்டு கீழத்தெரு சனம் இரண்டு வருடம் இருந்தது. அதனால் யாரும் மண்டபத்துச் சுவரைப் பற்றிப் பேசவில்லை. நீ பழியை ஏற்றுக்கொண்டபோது அந்தச் சுவரையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டாய். இனிமேல் யாருக்காகவும் அப்படிச் செய்யாதே. அம்மாவுக்காகவும் வேண்டாம், பெண்டாட்டிக்காகவும் வேண்டாம்.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு வரத்துக்காலை நடந்தேன். மறுமுனையைச் சுப்பையா பிடித்தார். நீ அளந்ததும் நான் அளந்ததும் ஒத்து வந்தது. மண்டபத்துப் பின்சுவர் வந்ததும் சுப்பையா டேப்பைத் தளர்த்தினார். "இழுத்துப் பிடிங்க" என்றேன். பிறகு உன் மாமா வீட்டுக்குப் போனேன். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் சொல்லப்போகிறேன் என்றேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். "என்னையக் காட்டிக் கொடுக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டான். "என்னையக் காட்டிக் கொடுக்கப் போறேன். நீ பக்கத்துல இருக்கிற, அவ்வளவுதான்" என்றேன். அவன் கதவைச் சாத்தவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அவனுக்கு நான் பட்ட கடன் பெரிது. அதை முத்துராக்கின் இடுப்பை வைத்து அடைக்க எனக்கு உரிமை கிடையாது என்று இவ்வளவு காலம் கழித்துத்தான் புரிந்தது.

கிராம சபை பள்ளிக்கூடத்தில் நடந்தது. வழக்கமாக இருபது பேர் வருவார்கள். அன்று விசயம் எப்படியோ கசிந்து இடம் போதவில்லை. நான் எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா பேசினேன். அந்த நீலக்கோட்டை எடுக்கச் சொன்னது நான், என் மகன் வேண்டாம் என்றான், விசாரணையில் பொய் சொன்னதும் நான். இதை இன்றைய தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும், கிளார்க் எழுதுகிறார் என்றேன். வரத்துக்காலைத் திறப்பதென்ற தீர்மானத்தையும் வைத்தேன். ஒருத்தர் பதவியை விட்டு இறங்கு என்றார். இன்னொருத்தர் கால்வாயைத் திறந்துவிட்டு இறங்கட்டும் என்றார். சத்தம் ஏறியது. கீழத்தெரு ஆண்கள் சிலர் எழுந்து என்னைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார்கள். கேட்டுக்கொண்டேன். தீர்மானம் நிறைவேறியது. மூன்று வாரத்தில் சமையல் கூடத்தையும் பின்சுவரையும் இடித்து வரத்துக்காலை வெட்டினார்கள். அதற்கு முன்பே நான் அந்தக் குறியை எடுத்து, உன் நீலக்கோட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். காரைக்குடியிலேயே இப்போது இண்டர்நெட் இருக்கிறது, மதுரைக்குப் போகவேண்டியதில்லை. உன் குறிப்பை மட்டும் அழிக்கவில்லை. அதன் கீழே என் பேரில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், இன்ன தேதியில் திரும்பப் போட்டேன் என்று. மழை வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதையும் அதில் எழுதினேன்.

உன் மாமாவுக்கு நீயே ஒரு பத்திரிகை அனுப்பு. நான் கூப்பிட்டால் வரமாட்டான். நீ கூப்பிட்டால் வருவான். வந்தால் நீ பழையபடி பேசு. அவன் உனக்கு மாமன்தான்.

கிராம சபை கலைகிற நேரத்தில் முத்துராக்கு எழுந்தாள். கம்பை ஊன்றி எழுந்து நிற்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் இலேசாகும் என்றுகூட நினைத்தேன்.

"இம்புட்டு நாளா அந்தப் புள்ளையத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன். என்னைய மண்ணுக்குள்ள இருந்து எடுத்ததே அதுதான், அப்பயும் வஞ்சேன்" என்றாள். பிறகு, "இதெல்லாம் ஒங்க மகனுக்குச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றேன்.

"அப்ப எங்ககிட்டச் சொல்லி என்ன செய்ய?"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. கம்பை ஊன்றி ஊன்றி வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கிழிக்கவில்லை. நீ படத்தில் எதையும் தெரியாமல் விட்டுவிடவில்லை, செபா. பொய் சொன்னது நான்.

உன் அம்மா